பழைய கார் வாங்கிய கையோடு நின்றுபோனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பசுமலைப் பக்கம் சிறியதாக ஒரு கார் பட்டறை நடத்துகிறேன். பழைய வண்டி வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடையில் வண்டி எடுத்த சில நாட்களிலேயே அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் மாதம் தவறாமல் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் உசிலம்பட்டியிலிருந்து ஒருவர் வந்தார். அவர் அவசரப்படுத்தினார் என்று நானும் அன்றைக்கே இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிவிட்டேன். விற்றவர் மறுநாள் வந்து பார்த்து, "இன்ஜினைப் பிரிச்ச பிறகு எனக்கு என்ன பொறுப்பு? உங்க மெக்கானிக் என்ன பண்ணினாரோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். முழுச் செலவும் வாங்கியவர் தலையில் விழுந்தது. அது இன்றுவரை எனக்கு உறுத்தல். அதன் பிறகு, விற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்காமல் வந்த வண்டியில் நான் ஸ்பானர் வைப்பதில்லை. கீழே உள்ள சட்ட விவரங்களை எங்கள் பட்டறையில் வண்டி விடும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

"அண்ணே, வண்டி எடுத்து பதினோரு நாள்தான் ஆச்சு. கப்பலூர் டோல்கேட் தாண்டினதும் சூடேறி நின்னுபோச்சு. முதல்ல என்ன செய்யணும்?"

முதலில் சாவியைத் திருப்புவதை நிறுத்துங்கள். சூடேறி நின்ற இன்ஜினைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் சின்னப் பழுது பெரிய பழுதாகும். "அவர்தான் ஓட்டிக் கெடுத்தார்" என்று சொல்ல விற்றவருக்கு வழியும் கிடைத்துவிடும். நின்ற இடத்திலேயே போனை எடுத்து வீடியோ பிடியுங்கள். மீட்டர் போர்டில் எரியும் விளக்குகள், சூட்டு முள், ஓடிய கிலோமீட்டர், பானெட்டைத் திறந்தால் தெரியும் கசிவு, சுற்றியுள்ள இடம் எல்லாம் அதில் வரட்டும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்கவே திறக்காதீர்கள்.

அடுத்தது, விற்றவருக்குப் போன். அவர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அன்றைக்கே வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதி அனுப்புங்கள்: என்றைக்கு வண்டி எடுத்தேன், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, இன்று எங்கே எப்படி நின்றது, வண்டியை யாரும் பிரிக்கவில்லை, நீங்களோ உங்கள் மெக்கானிக்கோ வந்து பார்க்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் முக்கியம். வண்டியை ரெக்கவரி வேனில் ஏற்றி வந்தால் அந்தப் பில்லை வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டாக் கணக்கில் டோல்கேட்டைக் கடந்த நேரம் பதிவாகியிருக்கும், அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

"பழைய வண்டிதானே வாங்கினோம். சரி பண்ணித் தரணும்னு சட்டம் ஏதாவது இருக்கா?"

வாங்கிய கார் அடிக்கடி பழுதானால் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் இருப்பதுபோல் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதற்காகப் பழைய பொருள் என்றால் கேள்வியே கேட்க முடியாது என்பதும் தவறு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. வியாபாரமாகக் கார் விற்பவரிடம் காசு கொடுத்துச் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய நீங்கள் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். வண்டி புதிதா பழையதா என்பது அதை மாற்றாது.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் இருக்கிறது. அந்தப் பொருளையே வியாபாரம் செய்பவர் விற்றால், அது விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எழுதாமலேயே அதில் அடங்கும். ஆனால் வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையிலேயே தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு இது பொருந்தாது. கதவில் பட்டி பார்த்திருப்பதும் டயர் வழுக்கையாக இருப்பதும் கண்ணுக்குத் தெரியும். ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருப்பது தெரியாது. சண்டை இந்த இடத்தில்தான் நடக்கும். எனவே அடுத்த கேள்வியைக் கவனமாகப் படியுங்கள்.

"எதை அவர் சரி பண்ணித் தரணும், எது நம்ம செலவு?"

தேய்மானம் வேறு, குறை வேறு. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பேட்டரி, டயர், சஸ்பென்ஷன் புஷ் இதெல்லாம் ஓட ஓடத் தேய்கிற பொருட்கள். எட்டு வருட வண்டியில் மூன்றாவது மாதம் கிளட்ச் போனால் விற்றவரைக் குறை சொல்வது நியாயமில்லை என்றே நான் சொல்வேன். நீங்கள் கொடுத்த விலையிலேயே அந்தத் தேய்மானம் கழிந்திருக்கிறது.

விற்கும்போதே உள்ளே இருந்த நோய் வேறு கதை. சூடேறும் வண்டியையே எடுத்துக்கொள்வோம். இன்ஜின் சூட்டுக்கு ஏற்பக் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரேடியேட்டர் ஃபேனை எப்போதும் ஓடுகிற மாதிரி டைரக்டாகக் கொடுத்துவிட்டால், காலை நேரத்தில் பைபாஸ் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பவருக்கு முள் ஏறாது. சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு விருதுநகர் வரை போனால்தான் குட்டு வெளிப்படும். கூலண்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர், கசிவை அடைக்கும் பவுடர், புகையை மறைக்கக் கெட்டியான ஆயில், ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெள்ளைப் படிவு என்று ஒவ்வொன்றும் ஒரு தடயம். இந்தப் பழுது உங்களுக்கு முன்பே யாருக்கோ தெரிந்திருக்கிறது, அதை மறைக்க வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அவை காட்டும்.

இன்ஜின் பழுதைக் காட்டும் செக் லைட்டும் அப்படித்தான். டெலிவரிக்கு முந்தைய நாள் ஸ்கேனர் போட்டுப் பழுதுப் பதிவை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் வண்டி தன்னைத் தானே சோதித்து முடிக்கச் சில நாள் ஓட்டம் வேண்டும். வண்டி கைக்கு வந்த அன்றே ஸ்கேன் போட்டால், சோதனைகள் பல முடியாத நிலையில் இருப்பது தெரியும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியிருந்தாலும் அப்படிக் காட்டும் என்பதால் அது ஒன்றையே ஆதாரமாக நம்ப வேண்டாம். மற்றவற்றோடு சேர்த்து வைத்தால் வலு உண்டு. ஆகவே பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது ரிப்பேர் இல்லை. பிரிக்காமல் பார்த்து, லெட்டர்பேடில் தேதி, கிலோமீட்டர், சேஸிஸ் எண்ணோடு ஒரு பரிசோதனை அறிக்கை எழுதித் தரச் சொல்லுங்கள்.

"டெலிவரி நோட்டுல 'ஓட்டிப் பார்த்து திருப்தியோட எடுத்துக்கிட்டேன், இனி எந்தப் பழுதுக்கும் கடை பொறுப்பில்லை'ன்னு இருந்துச்சு. கையெழுத்து போட்டுட்டேன். போச்சா?"

முழுக்கப் போகவில்லை. ஆனால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுதாமலே அடங்கும் நிபந்தனைகளை இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டு விலக்கிக்கொள்ள சரக்கு விற்பனைச் சட்டம் இடம் தருகிறது. எனவே "வண்டி தரமாக இல்லை" என்று மட்டும் வாதாடினால் அந்தக் கையெழுத்து குறுக்கே நிற்கும்.

தெரிந்தே மறைத்ததையும் பொய் சொல்லி விற்றதையும் அந்த வரி காப்பாற்றாது. பொய்யை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை ஏமாந்தவருக்கு உண்டு என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யான தகவல் தருவது நுகர்வோர் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. அதனால்தான் மேலே சொன்ன தடயங்களை நான் அவ்வளவு நீட்டிச் சொன்னேன். உங்கள் வழக்கு நிற்பது அந்தக் கழற்றி எறியப்பட்ட வால்வின் மேல்தான்.

"ஆறு மாசம் இன்ஜின், கியர்பாக்ஸ் கேரண்டின்னு வாயால சொன்னாரு. எழுதித் தரலை."

வாய்ச் சொல்லும் சொல்தான், நிரூபிப்பதுதான் கஷ்டம். விளம்பரத்தில் போட்டிருந்தாரா, முகநூல் பதிவில் "ஒன் ஹேண்ட் வண்டி, இன்ஜின் கேரண்டி" என்று எழுதியிருந்தாரா, வாட்ஸ்அப்பில் ஆடியோ அனுப்பினாரா என்று தேடுங்கள். விளம்பரத்தை உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். வண்டி விற்றதும் பதிவை அழித்துவிடுவார்கள்.

எதுவும் இல்லையென்றால் பழுதைத் தெரிவிக்கும் மெசேஜிலேயே "வண்டி எடுத்தபோது இன்ஜின், கியர்பாக்ஸுக்கு ஆறு மாதம் நீங்கள் பொறுப்பு என்று சொன்னீர்கள், அதன்படி" என்று ஆரம்பியுங்கள். "அப்படிச் சொல்லவே இல்லை" என்று அவர் மறுக்காமல் "நாளைக்குக் கொண்டு வாங்க பார்ப்போம்" என்று பதில் போட்டால், அந்தப் பதில் உங்களுக்குச் சாட்சி. இப்படிப்பட்ட மெசேஜ்களைப் பிறகு தாக்கல் செய்யும்போது, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். போனை மாற்றுவதாக இருந்தாலும் பழைய போனை விற்றுவிடாதீர்கள்.

"எங்க மெக்கானிக்கிட்டயே விடுங்கன்னு சொல்றாரு. விடலாமா?"

விடலாம். முதல் வாய்ப்பை அவருக்குக் கொடுப்பது நல்லது, பிறகு யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வெறும் சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். என்ன புகார், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு பெட்ரோல், ஸ்டெப்னி, ஜாக்கி, என்றைக்குத் தருவார் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு அவர் மறுத்தால் அதையே மெசேஜாக அனுப்பிவிடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழைய பாகம் எனக்கு வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வண்டி எடுக்கும்போது "இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்பார்கள். ஓட்டிப் பார்க்காமல் அதில் கையெழுத்துப் போட வேண்டாம். ஏ.சி. போட்டு, ஆள் ஏற்றி, மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டி வரை போய் வாருங்கள். சூட்டுப் பிரச்சினையெல்லாம் தெருமுனை வரை ஓட்டினால் தெரியாது.

"பாதி நீங்க, பாதி நான்னு சொல்றாரு. ஒத்துக்கலாமா?"

பல நேரம் ஒத்துக்கொள்வதே நல்லது. பத்து வருட வண்டியில் புது கிளட்ச் செட் போட்டால் நீங்கள் வாங்கியதைவிட நல்ல வண்டி உங்களுக்குக் கிடைக்கிறது, அதற்குப் பாதி கொடுப்பதில் தவறில்லை. பாகங்கள் அவர் செலவு, லேபர் உங்கள் செலவு என்று பேசி முடித்தவர்கள் என் பட்டறைக்கு வந்தவர்களிலேயே பலர் இருக்கிறார்கள். ஆறு மாதம் அலைந்து கிடைப்பதைவிட அது லாபம்.

மூடி மறைத்தது தெளிவாகத் தெரிந்த வண்டிக்குப் பாதி என்பது நியாயமில்லை. அங்கே முழுச் செலவையும் கேளுங்கள். எப்படி முடிந்தாலும் அவர் பங்கைக் கையில் ரொக்கமாக வாங்காமல் உங்கள் கணக்குக்கோ ஜிபேயிலோ வாங்குங்கள்.

"போன் போட்டா, 'நான் வெறும் புரோக்கர்தான், ஓனரைக் கேளுங்க'ங்கிறாரு."

பணம் யார் கணக்குக்குப் போனது, ரசீதில் யார் சீல் இருக்கிறது என்று பாருங்கள். கடை பெயரில் பணம் வாங்கி, கடை பெயரில் டெலிவரி நோட் கொடுத்திருந்தால் அவர்தான் விற்பனையாளர். கமிஷன் மட்டும் வாங்கியிருந்தாலும், அந்தக் கமிஷனுக்கு அவர் செய்தது ஒரு சேவை. அதில் குறைபாடு என்று கேட்கலாம், ஆனால் வழக்கு அந்த அளவுக்கு மெலிந்துவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழைய வாகனங்களை வாங்கி விற்கும் கடைகள் அந்தப் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதிச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்தச் சான்று படிவம் 29பி. பழைய ஓனர் வண்டியைக் கடையில் ஒப்படைத்ததை ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அதிலிருந்து அந்த வண்டிக்கும் ஆவணங்களுக்கும் கடைக்காரரே பொறுப்பு. "உங்கள் 29பி எண் என்ன?" என்று மரியாதையாகவே கேளுங்கள்.

கடையே இல்லாமல் தனி ஆளிடம், பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் வாங்கிய வண்டி என்றால் நுகர்வோர் ஆணையம் (கன்ஸ்யூமர் கோர்ட்) உதவாது, அவர் வியாபாரி இல்லையே. பொய் சொல்லி விற்றிருந்தால் சிவில் நீதிமன்றம்தான்.

"மீட்டர்ல 41,000 காட்டுது. நிஜமா அவ்வளவுதான் ஓடியிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் சர்வீஸுக்கு வந்தபோதே 86,000 என்று பதிவாகியிருந்தால் வேறு ஆதாரமே வேண்டாம். அந்தத் தாளை முத்திரையோடு வாங்கப் பாருங்கள். சில வண்டிகளில் மீட்டரைத் தவிர வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் கிலோமீட்டர் பதிவாகும், நல்ல ஸ்கேனரில் அது தெரியும்.

கண்ணால் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட் ஓரம் அமுங்கியிருக்கும் வண்டி 41,000 ஓடியதாக இருக்காது. டயரில் நான்கு எண் இருக்கும், 2219 என்றால் 2019-இன் 22-ஆவது வாரம் செய்த டயர். வண்டி 2016 மாடல், மீட்டர் 41,000, டயர் நான்கும் 2019 என்றால் முதல் செட் டயர் அவ்வளவு சீக்கிரம் எங்கே போனது என்று கேட்க வேண்டும். மீட்டரைக் குறைத்து விற்பது சாதாரணத் தகராறு இல்லை, மோசடி. பின்னால் போலீஸ் பற்றிச் சொல்லும் இடத்தில் இது திரும்ப வரும்.

"வயரிங் அடிக்கடி போகுது, உள்ளே ஒரு மாதிரி வாடை அடிக்குது. வெள்ளத்துல மாட்டின வண்டியா இருக்குமா?"

இருக்கலாம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னையில் கார்கள் மூழ்கின. அதே மாதம் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெரு வெள்ளம், காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. அந்த ஊர்களுக்கும் நமக்கும் நடுவே ஒரு நான்குவழிச் சாலைதான். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கினால் பள்ளத்தில் வண்டல், வயர் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கும்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். கிளெய்ம் எடுக்காத வண்டிக்கு வருடா வருடம் நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஆறு வருடமாக ஒரே ஓனர் வைத்திருந்த வண்டியில் திடீரென அது பூஜ்யமாகியிருந்தால், பெரும்பாலும் முந்தைய வருடம் கிளெய்ம் எடுத்திருப்பார்கள். என்ன கிளெய்ம் என்று கேளுங்கள்.

"லோன்ல எடுத்த வண்டி. சரி பண்ணித் தர்ற வரைக்கும் டியூ கட்டாம நிறுத்திடலாமா?"

வேண்டாம். கடன் கொடுத்தவருக்கும் பழுதுக்கும் சம்பந்தமில்லை. சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெடும், வண்டியையும் தூக்கிவிடுவார்கள். டியூ கட்டிய கணக்கை நஷ்டக் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள்.

"வண்டியே வேணாம், பணத்தைத் திருப்பிக் கொடுன்னு கேட்க முடியுமா?"

கேட்கலாம். பில்லில் திருப்பி எடுக்கும் காலம் என்று ஏதாவது போட்டிருந்தால் அதற்குள், எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதையும் நுகர்வோர் சட்டம் நேர்மையற்ற வணிக முறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அதனால் முதல் மாதத்துக்குள் எழுத்தில் கேட்பது மிக முக்கியம். 45-ஆவது நாள் கேட்டால் உரிமை போய்விடாது, ஆனால் இந்தப் பிடி தளர்ந்துவிடும்.

பணம் திரும்ப வேண்டும் என்று கேட்டுவிட்டு, அதே வண்டியில் கொடைக்கானல் போய் வந்தால் யாரும் உங்களை நம்ப மாட்டார்கள். கேட்ட நாளிலிருந்து வண்டியை நிறுத்திவையுங்கள், கிலோமீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

"4,60,000 கொடுத்தேன். ரசீதுல 3,00,000-தான் போட்டிருக்காங்க. இப்ப என்ன பண்றது?"

இது அடிக்கடி நடக்கிறது, வாங்கும்போது யாரும் கவலைப்படுவதில்லை. ஆணையத்தின் முன் நீங்கள் நிரூபிக்க முடிந்த தொகைதான் நீங்கள் கொடுத்த தொகை. வங்கி மூலம் போன பணம், ஏ.டி.எம்.மில் அதே நாள் எடுத்த பணம், "மீதி ஒன்று அறுபது எப்போது தருவீர்கள்?" என்று அவர் கேட்ட மெசேஜ் எல்லாவற்றையும் கோத்துப் பாருங்கள். பில்லே தரவில்லை என்றால், கேட்டும் பில் தராததே சட்டப்படி தனிக் குற்றச்சாட்டு. எழுத்தில் கேட்டு வையுங்கள்.

"நோட்டீஸ் அனுப்ப வக்கீல் வேணுமா? என்ன எழுதணும்?"

வக்கீல் அனுப்பினால் எடை கூடும், ஆனால் கட்டாயம் இல்லை. தமிழில் நீங்களே எழுதலாம். திட்டு, மிரட்டல், "உங்களை விடமாட்டேன்" என்பதெல்லாம் வேண்டாம். தேதி வாரியாக நடந்ததை மட்டும் எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"தங்களிடம் இந்தத் தேதியில் இந்த எண்ணுள்ள காரை இவ்வளவு ரூபாய்க்கு வாங்கினேன். விற்றபோது இன்ஜின் நல்ல நிலையில் உள்ளது என்று தெரிவித்தீர்கள். வாங்கிய 11-ஆம் நாள், 640 கிலோமீட்டர் ஓடிய நிலையில், இன்ஜின் சூடேறி நின்றது. அன்றே வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். பட்டறைப் பரிசோதனையில் தெர்மோஸ்டாட் வால்வு ஏற்கெனவே அகற்றப்பட்டிருப்பது தெரிந்தது, அறிக்கை இணைத்துள்ளேன். இன்ஜின் பிரிக்கப்படாமல் உள்ளது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தங்கள் செலவில் சரிசெய்து தரவும், இல்லையேல் வண்டியைத் திரும்பப் பெற்றுத் தொகையைத் தரவும் கோருகிறேன்."

இதை ஸ்பீடு போஸ்ட்டில், டெலிவரி ஆனதற்கான சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அவர் வாங்க மறுத்தாலும் உறையைப் பிரிக்காமல் பத்திரமாக வையுங்கள். இதற்கிடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். பெரிய கம்பெனியின் கடை என்றால் அதிலேயே பல நேரம் அசைவு தெரியும்.

"கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனா எவ்வளவு செலவாகும், எத்தனை நாளாகும்?"

மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம்தான் விசாரிக்கும். விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். பழுது நடந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். நீங்களே வாதாடலாம்.

எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள். சட்டம் சொல்லும் காலம் 3 மாதம், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் 5 மாதம். நடைமுறையில் அதைவிட நீளும், மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். தீர்ப்பு வந்தும் பணம் தராவிட்டால் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்தப் பிரிவு இருப்பதால்தான் பலர் சமரசத்துக்கு வருகிறார்கள்.

இவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

"நான் இருக்கிறது திருமங்கலம். வண்டி எடுத்தது கோயம்புத்தூர்ல. அங்கே போய்த்தான் கேஸ் போடணுமா?"

வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய 2019 சட்டம் அனுமதிக்கிறது. பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை.

"கால் டாக்ஸி ஓட்டத்தான் வாங்கினேன். வியாபாரத்துக்கு வாங்கினா கன்ஸ்யூமர் இல்லைங்கிறாங்களே?"

நீங்களே ஓட்டி, அதில் பிழைக்கிறீர்கள் என்றால் நீங்கள் நுகர்வோர்தான். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்குவதை வணிக நோக்கமாகக் கருதக்கூடாது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. தானே ஓட்ட ஆட்டோ வாங்குபவரை உதாரணம் காட்டி உச்ச நீதிமன்றமும் 1995-இல் இதைத் தெளிவாக்கியது. ஐந்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுபவருக்கு இது பொருந்தாது. புகார் மனுவின் முதல் பத்தியிலேயே "இது என் ஒரே பிழைப்பு, நானே ஓட்டுகிறேன்" என்று எழுதிவிடுங்கள். அதை விட்டுவிட்டால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.

"தகராறு முடியிற வரைக்கும் ஆர்.சி.யை என் பேருக்கு மாத்தாம வச்சிருக்கலாமா?"

நிறையப் பேர் இப்படி நினைக்கிறார்கள். ஆபத்து. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்காவிட்டால், வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைக்காமல் போகலாம். நடுவில் விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பழைய ஓனர் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாதவராக இருக்கலாம். பெயரை மாற்றிக்கொண்டதால் கடைக்காரரிடம் கேட்கும் உரிமை எதுவும் குறையாது.

"போலீஸ்ல புகார் கொடுத்தா சீக்கிரம் முடியுமே?"

இன்ஜின் பழுது, ஏ.சி. பழுது என்று போனால் "இது சிவில்" என்று திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட. மீட்டரைத் திருத்தியது, சேஸிஸ் எண்ணை மாற்றியது, போலி ஆர்.சி., பணம் வாங்கிக்கொண்டு கடையைப் பூட்டியது போன்றவை ஏமாற்றுக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவு. சர்வீஸ் ஹிஸ்டரி போன்ற காகித ஆதாரத்தோடு போய்ப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

"இதெல்லாம் தெரியாம, நானே 28,000 செலவு பண்ணி சரி பண்ணிட்டேன் அண்ணே. இனிமே கேட்க வழியில்லையா?"

வழி இருக்கிறது, கொஞ்சம் மேடு ஏற வேண்டும். உங்கள் மெக்கானிக்கைப் போய்ப் பாருங்கள். வண்டி வந்தபோது என்ன நிலையில் இருந்தது, பிரித்தபோது என்ன பார்த்தார், எந்தப் பாகம் மாற்றினார் என்று தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது அவர் போனில் படம் எடுத்திருக்கலாம், பெரும்பாலான மெக்கானிக்குகள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அனுப்புவதற்காக எடுப்பார்கள். அந்தப் படங்களில் தேதி இருக்கும். ஹெட்டை லேத்துக்குக் கொடுத்திருந்தால் லேத்து பில்லும் ஒரு சாட்சி. பிறகு மேலே சொன்ன மாதிரி நோட்டீஸ் எழுதி, செலவான தொகையை மட்டும் கேளுங்கள்.

கழற்றிய கேஸ்கெட், வால்வு, வளைந்த போல்ட் எல்லாம் பட்டறை மூலையில் இன்னும் கிடக்கும். இன்றைக்கே போய் ஒரு சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். வாரக் கடைசியில் பழைய இரும்புக்காரர் வந்துவிடுவார்.